லாரி ஆசனமும் ஒரு துண்டும்

புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறார்கள். சினிமாவுக்கு எழுதுகிறார்கள். கச்சேரிக்குப் போய் வந்தவர்கள், தனி ஆவர்த்தனம் ஐந்து நிமிஷம் நீண்டுவிட்டது என்று மறக்காமல் எழுதுகிறார்கள். லாரியின் டிரைவர் சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்துப் போடுகிறார்களே ஓர் உறை, அதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். கச்சேரி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்து கான்டீனில் காப்பி சாப்பிடலாம். லாரி டிரைவரால் அப்படி எழுந்து வர முடியாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன் மேல் உட்கார்ந்துதான் அவர் ஊர் ஊராகப் போக வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் திடீரென்று அக்கறை பிறந்ததற்குப் பரோபகார சிந்தை காரணம் அல்ல. குற்ற உணர்ச்சிதான் காரணம். அப்படிப்பட்ட ஓர் உறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

என் தங்கையின் கணவர் இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு பழைய பத்துச் சக்கர லாரி வாங்கினார். அதைப் பளபளப்பாக்கி ரோட்டில் விட வேண்டும் என்று நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார். நானும் அப்போது அந்தப் பக்கம் போயிருந்தேன். "மச்சான், உங்களுக்குத்தான் இந்த மாதிரி விஷயத்திலே ரசனை உண்டு. வந்து கலர் மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். எழுதுகிறவனிடம் ரசனை என்ற வார்த்தையைச் சொன்னால் போதும்; அவன் எங்கே வேண்டுமானாலும் வருவான். நான் போனேன்.

நாமக்கல்லைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. லாரி கம்பெனிகள் வெறும் முகமும் எஞ்சினும் சக்கரமுமாக அனுப்பும் சாஸிஸுக்கு உடம்பு கட்டித் தருகிற ஊர் அது. ஒரு பட்டறையில் இரும்பு வெட்டும் சத்தம், அடுத்ததில் பலகை இழைக்கும் சத்தம், அதற்கடுத்ததில் ஒருவர் ஏணி மேல் நின்றுகொண்டு சத்தமே இல்லாமல் நெற்றிப் பலகையில் முருகன் பெயரை எழுதிக்கொண்டிருப்பார். இப்போது கம்பெனிகளே கேபினோடு அனுப்பும் வண்டிகள் பெருகிவிட்டன. ஆனாலும் வண்டி எப்படி வந்தாலும் கடைசியில் ஒருநாள் குஷன் கடை வாசலில் நிற்காமல் போவதில்லை. சீட்டு அங்கேதான் உடை உடுத்துகிறது.

நாங்கள் போன கடைக்காரர் தொழில் தெரிந்தவர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பழைய உறையைப் பிரித்து, அதன் ஒவ்வொரு துண்டையும் தரையில் பரப்பி, அதைப் பார்த்துக் காகிதத்தில் அளவு வரைந்துகொண்டார். கண்ணால் பார்த்தே தையலுக்கு எத்தனை விட வேண்டும் என்று கத்தரி வைக்கிற கை அவருக்கு. எங்கள் முன்னால் ஒரு கனத்த ஆல்பத்தை விரித்து வைத்தார். பாம்புத் தோல், முதலைத் தோல், பட்டுப் புடவையின் ஜரிகை, மரத்தின் ரேகை என்று பிரபஞ்சத்தில் உள்ள அத்தனை மேற்பரப்புகளும் அதில் ரெக்ஸினாக மாறி உட்கார்ந்திருந்தன. நான் அரை மணி நேரம் புரட்டிவிட்டு, அடர்ந்த அரக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஓரங்களில் வெண்ணெய் நிறத்தில் பைப்பிங். நடுவில் டயமண்டு தையல். அதாவது சின்னச் சின்னச் சாய்சதுரங்களாக உள்ளே ஸ்பாஞ்சு வைத்து மேடும் பள்ளமுமாகத் தைப்பது. தலை சாயும் இடத்தில் தங்கையின் பெயரின் முதல் எழுத்து. "உட்கார்ந்தா மெத்துனு இருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. "அதுக்கென்னங்க, ரெண்டு இஞ்சு ஸ்பாஞ்சு சேர்த்துப் போட்டுடலாம்" என்றார் கடைக்காரர்.

இத்தனை நேரமும் லாரியின் டிரைவர் எதிரே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். எங்களில் மூன்று பேருக்கும் வாய் இருந்தது, கண் இருந்தது. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலை முடிந்து உறையை மாட்டியபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. கேபின் கதவைத் திறந்தால் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நாற்காலியைப் பார்ப்பது போல இருந்தது. அழுக்காகக் கூடாது என்று அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளையும் போர்த்திக் கொடுத்தார் கடைக்காரர். அதைக் கிழிக்கவே கூடாது என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார் மாப்பிள்ளை. டிரைவர், "சரிங்க" என்றார்.

இந்த இடத்தில் ரெக்ஸினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிற இந்தப் பெயர், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸையும் கற்பூர எண்ணெயையும் சாராயத்தையும் நிறத்தையும் கலந்து பூசி, தோலின் ரேகையை அச்சாக அழுத்தி எடுத்தார்கள். அந்த நாட்டு ரயில் பெட்டிகளுக்குள் அது ஏராளமாகப் போயிற்று. நம் குஷன் கடைகளில் இன்று ரெக்ஸின் என்ற பெயரில் கிடைப்பது அந்தச் சரக்கே அல்ல. துணியின் முதுகில் பி.வி.சி. பூசியது. பி.வி.சி. தன் சுபாவத்தில் விறைப்பான பொருள். அதை வளையச் செய்யும் வித்தையை 1926-இல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்பவர் கண்டுபிடித்தார். அதற்குள் எண்ணெய் போன்ற ஒரு சரக்கைச் சேர்த்தால் அது குழைந்து கொடுக்கிறது. வெயிலில் கிடந்து கிடந்து அந்தச் சரக்கு வெளியேறிவிட்டால், மறுபடியும் விறைத்து வெடிக்கிறது. பழைய பஸ் சீட்டுகளில் வறண்ட ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தையல் போட்ட ஓரத்தில்தான் முதல் வெடிப்பு விழும். ஊசி குத்திய துவாரங்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? தபால் தலையைச் சுற்றித் துவாரம் போட்டு வைத்திருப்பதும் கிழிப்பதற்குத்தான்.

ஆனால் அது வெடிப்பது பின்னால் நடக்கிற கதை. முதல் நாளிலிருந்தே அதனிடம் உள்ள கோளாறு வேறு. அது தண்ணீரை உள்ளே விடாது. விடாது என்பதால்தான் அதை வாங்குகிறோம். ஆனால் வியர்வையும் தண்ணீர்தானே?

சித்திரை மாதத்தில் ஒருநாள் நான் அந்த லாரியிலேயே சென்னைக்குத் திரும்பினேன். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். ஆத்தூர் தாண்டுவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தவன். முன்னால் நகர்ந்தேன், பின்னால் சாய்ந்தேன், ஒரு காலை மடித்துப் போட்டேன், கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் எழுந்து நின்றேன். டிரைவருக்கு இந்த சுதந்திரங்கள் ஒன்றும் கிடையாது. கால் மூன்றும் பெடலில் (கிளச்சு, பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று மூன்றையும் இரண்டு காலால் சமாளிக்கிறவருக்கு மூன்று கால் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்). காலுக்குப் பக்கத்தில் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் தன் சீட்டில் ஒரு துண்டு விரித்திருந்தார். ஈரோட்டுப் பக்கம் நெய்கிற சாதாரணப் பருத்தித் துண்டு, பச்சைக் கரை போட்டது. நான் தேர்ந்தெடுத்த அரக்குச் சிவப்பு, டயமண்டு, பைப்பிங் எல்லாம் அதன் அடியில் எங்கேயோ இருந்தன. கள்ளக்குறிச்சிக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தினபோது அந்தத் துண்டை எடுத்துப் பிழிந்தார். பிழிந்தார் என்று அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொட்டியது. அதைக் கண்ணாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு துண்டை எடுத்து விரித்தார். சென்னை வருவதற்குள் மூன்று துண்டுகள் மாறின.

"சீட்டு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு மதிப்புரைகாரன் மேல் பயம் உண்டு. அந்தப் பயத்தோடுதான் கேட்டேன்.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.

"பார்ப்பதற்குச் சரி. உட்கார்வதற்கு?"

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "சொன்னா மொதலாளி கோவிச்சுக்குவாருங்க."

"கலரைச் சொன்னவன் நான். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்."

"அப்படீங்களா?" என்று என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை குறையவில்லை. பரிதாபம் கொஞ்சம் கூடியிருந்தது. பிறகு விழுப்புரம் வரைக்கும் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் படித்த மதிப்புரைகளில் அவ்வளவு திட்டமாக எழுதப்பட்டவை மிகச் சில.

அவர் சொன்னதன் சாரம் இது. சீட்டு இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. அதனால் பெடலுக்குக் கால் எட்டுகிறதே தவிர, எட்டுகிறபோது தொடையின் அடிப்பக்கம் சீட்டின் விளிம்பில் அழுந்துகிறது. அந்த விளிம்பில்தான் என்னுடைய வெண்ணெய் நிறப் பைப்பிங் கயிறு மாதிரி ஓடுகிறது. இரண்டு மணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது. பிளாஸ்டிக் தாள் வழுக்குகிறது. பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னால் சறுக்குகிறது. சறுக்காமல் இருக்க இடுப்பை இறுக்கிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. சாய்சதுரங்களின் பள்ளத்தில் வியர்வை தேங்கி நிற்கிறது. "வேர்வை எங்கீங்க போகும்? மேலயும் போகாது, கீழயும் போகாது. வேர்க்குரு வந்து, அப்பறம் கட்டி வந்து, போன மாசம் நாலு நாள் குப்புறப் படுத்துக் கெடந்தனுங்க."

அந்த நாலு நாளுக்குச் சம்பளம் உண்டா என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தால், வெப்ப நாட்டில் உட்காருவதைப் பற்றி நம் ஜனங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கோடையில் யாராவது ரெக்ஸின் விரித்துப் படுக்கிறார்களா? கோரைப் பாய் விரிக்கிறார்கள். தாசில்தார் கச்சேரியில் அந்தக் காலத்து நாற்காலிகள் பிரம்பு பின்னியவை. அடியில் கண் கண்ணாக ஓட்டை. அந்த ஓட்டைகளைப் பின்னியவர் எந்தக் கலாசாலையிலும் உடம்பின் சூட்டைப் பற்றிப் பாடம் படித்தவர் அல்ல. பழைய லாரிகளின் சீட்டுக்குள் தேங்காய் நார் இருந்தது. அது குத்தும், ஒரு பக்கமாக அமுங்கும், மூட்டைப்பூச்சிக்கு வீடு கொடுக்கும், எல்லாம் சரி. ஆனால் அதற்குள் காற்று போய்வந்தது. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937-இல் கண்டுபிடித்த பாலியூரித்தேன் வழியாக வந்த ஸ்பாஞ்சு நாரைவிட மெத்தென்று இருக்கிறது, இலேசாக இருக்கிறது. அதற்குள்ளும் காற்று இருக்கத்தான் இருக்கிறது. அதன் மேலே பி.வி.சி. போர்த்தியவுடன் அந்தக் காற்று சிறைக்குள் போய்விடுகிறது.

துண்டைப் பற்றி இன்னொரு விசித்திரம். பெரிய ஆபீஸர்களின் நாற்காலி முதுகிலும் வெள்ளைத் துண்டு போர்த்தியிருப்பதைப் பார்க்கலாம். அது பதவிக்கு அடையாளம். குமாஸ்தா நாற்காலியில் அது கிடையாது. பஸ்ஸில் ஜன்னல் வழியாக எறியப்படும் துண்டு இடத்துக்கு உரிமைப் பத்திரம். லாரி டிரைவரின் துண்டு ஒன்றே ஒன்றுதான் வியர்வைக்காகப் போட்டது. சீட் உறை செய்யத் தவறிய வேலையைத் துண்டு செய்கிறது. லாரிகள் நிற்கிற எந்த டீக்கடை வாசலிலாவது நின்று கேபின்களுக்குள் எட்டிப் பாருங்கள். துண்டு, பழைய பெட்ஷீட், மணி கோத்த விரிப்பு, மனைவியின் பழைய நூல் புடவையை நாலாக மடித்தது என்று ஏதோ ஒன்று கிடக்கும். ஒவ்வொன்றும் கீழே இருக்கும் உறையைப் பற்றி ஒருவர் எழுதிய அபிப்பிராயம்.

கட்சி பேசுகிறேன் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக ரெக்ஸினின் பக்கத்தையும் சொல்கிறேன். டீசல் கையோடு ஏறுகிறார்கள், கிரீஸ் ஒட்டிய வேஷ்டியோடு உட்காருகிறார்கள், மழை ஜன்னலில் அடிக்கிறது, சாம்பார் பொட்டலம் உடைகிறது. ஈரத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் ரெக்ஸின் புதுசாகிவிடுகிறது. துணி உறை இதையெல்லாம் குடித்துக்கொண்டு ஒரே மாதத்தில் நாறும். உறை வாங்குகிற முதலாளி துடைக்கிற சௌகரியத்தைப் பார்க்கிறார். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர் உட்காரப் போவதில்லை என்பதுதான் சங்கடம்.

அலங்காரத்தையும் நான் பரிகசிக்கவில்லை. கேபின் அவர்களுக்கு வீடு. அதற்குள் குஞ்சம் தொங்கினால், பிள்ளையார் முன்னால் நீல விளக்கு எரிந்தால், அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவர்கள் தங்கள் வீட்டு ஷோகேஸைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். என் ஆட்சேபம் அலங்காரம் உட்கார்ந்த இடத்தைப் பற்றியது. உடம்பு படாத இடங்கள் ஒரு சீட்டில் எவ்வளவோ இருக்கின்றன: முதுகின் பின்புறம், இரண்டு பக்கவாட்டு, தலைக்கு மேல் பகுதி. அங்கே முதலைத் தோலோ ஜரிகையோ எது வேண்டுமானாலும் வைக்கலாம். நாங்கள் அதையெல்லாம் வெறுமையாக விட்டுவிட்டு, ஒரு மனிதனின் முழுப் பாரமும் அழுந்துகிற இடமாகப் பார்த்து மேடு பள்ளம் வைத்தோம். கல்வெட்டின் மேல் படுக்கச் சொன்ன மாதிரி.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லக் கூடாது என்று எழுதிவைத்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்கிற ஸ்தாபனங்களுக்குத்தான் அது என்றும் எழுதிவைத்தது. என் மாப்பிள்ளையிடம் இருப்பது ஒரு லாரி, ஒரு டிரைவர், ஒரு கிளீனர். பிறகு 2023 டிசம்பரில் இன்னொரு விதி வந்தது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று. நல்ல விதி, அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்திருக்கலாம். ஆனால் அது இனிமேல் தயாராகிற வண்டிகளுக்கு. ஏற்கெனவே ரோட்டில் ஓடுகிற பழைய வண்டிகளின் டிரைவர்களுக்குத் துண்டுதான். தவிர, குளிர்சாதனம் முகத்துக்கு வரும். உறைக்கும் முதுகுக்கும் நடுவில் அது நுழைய இடம் எங்கே?

என்னுடைய அரக்குச் சிவப்பு ஒன்றரை வருஷம் இருந்தது. நான் பயந்த இடத்தில்தான் கிழிந்தது: விளிம்பில், பைப்பிங் ஓரமாக, துவாரம் துவாரமாக. மாப்பிள்ளை மறுபடியும் டெலிபோன் செய்தார். "மச்சான், இந்தத் தடவை நீலம் போடலாமா?"

"டிரைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் மாப்பிள்ளை. நான் வரவில்லை" என்றேன். பிறகு மனசு கேட்காமல் நானும் போனேன், வாயைத் திறப்பதில்லை என்ற தீர்மானத்தோடு.

டிரைவர் முதலில் கூச்சப்பட்டார். "நீங்களே சொல்லுங்க மொதலாளி" என்று இரண்டு தடவை சொன்னார். கடைக்காரர்தான், "அட, வண்டி ஓட்டறவர் சொன்னாத்தானுங்க எனக்கும் வேலை சுளுவு" என்று அவரைச் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த மனிதருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. முதல் தடவை நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிரைவர் கிளச்சை மிதித்துக் காட்டினார். கடைக்காரர் சாக்கட்டியால் தொடை அழுந்துகிற இடத்தில் ஒரு கோடு போட்டார், முதுகு படுகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு. கூடுதல் ஸ்பாஞ்சு வேண்டாம். உள்ளே அமுங்கிப்போனதை எடுத்துவிட்டு நாற்பது டென்சிட்டியில் கெட்டியாக அதே உயரத்துக்கு ஒன்று. கோட்டுக்கு உள்ளே கனத்த பருத்திக் கித்தான்; வெளியே ரெக்ஸின், அது மாப்பிள்ளையின் நீலமாகவே இருக்கட்டும். விளிம்பில் பைப்பிங் கிடையாது. தையல் கீழே இறங்கி மடிப்புக்குள் போய்விட வேண்டும். கித்தானைத் தனியாகக் கழற்றித் துவைக்கிற மாதிரி நாடா வைத்து இரண்டு ஜோடி.

"ரெண்டு ஜோடியா? காசு கூட ஆகுமே" என்றார் மாப்பிள்ளை. கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். டயமண்டு தையலின் கூலி மிச்சமானதில் அது ஏறக்குறைய சரியாகப் போயிற்று.

எல்லாம் முடிந்து கிளம்புகிற சமயத்தில் டிரைவர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். கிளீனர் பையன் உட்காருகிற பக்கத்துச் சீட்டுக்கும், ராத்திரி மாற்றி மாற்றிப் படுக்கிற பின் பலகைக்கும் அதே கித்தானில் ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தால் தேவலை என்றார். கடைக்காரர் மூலையில் கிடந்த மிச்சத் துணியை எடுத்து முழம் போட்டுப் பார்த்தார். பின் பலகைக்கு ஒரு சாண் குறைந்தது. ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமாகப் பேசி முடித்தார்கள்.